மேற்கு டெக்சாஸ் சிற்றூரில் மறைந்த அண்ணனின் உயில்: கவுண்டி நீதிமன்றத்தில் எங்கிருந்து தொடங்குவது?

ஓடைப்பட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேற்கு டெக்சாஸின் ஒரு சிறிய கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) மருத்துவமனையில் பல ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றிய என் அண்ணன் சென்ற ஆண்டு காலமானார். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய ஒப்புக்கொள்ளும் ஜே-1 விசா மருத்துவர்களுக்குத் தாயகம் திரும்பும் நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கும் கான்ராட் 30 திட்டத்தில் அங்கே சென்றவர், கடமைக்காலம் முடிந்த பிறகும் அந்த ஊரை விட்டு வரவில்லை. அண்ணியும் பிள்ளைகள் இருவரும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் டாலஸில் வசிக்கிறேன்.

ஊருக்குள் இருவர் பெயரிலும் ஒரு வீடு, ஊருக்கு வெளியே அண்ணன் பெயரில் மட்டும் 160 ஏக்கர் மேய்ச்சல் நிலம், உள்ளூர் வங்கியில் அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, எண்ணெய்க் கிணறு ஒன்றிலிருந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்த சிறு ராயல்டி ஆகியவை நிலுவையில் நிற்கின்றன. ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் அண்ணியைப் பயனாளியாகக் குறித்திருந்ததால் அவை சிக்கலின்றி வந்து சேர்ந்துவிட்டன. 2009-இல் மிச்சிகனில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அண்ணன் எழுதிய உயிலின் நகல் ஒன்று கிடைத்திருக்கிறது. அனைத்தையும் அண்ணிக்கு எழுதி, அவரையே நிறைவேற்றுநராகவும், அவரால் இயலாவிட்டால் என்னையும் நியமித்திருக்கிறார். அசல் எங்கே என்று தெரியவில்லை. மகள் 2012-இல் பிறந்தவள் என்பதால் அதில் அவள் பெயர் இல்லை.

நீதிமன்றச் சான்று இல்லாமல் வங்கி கணக்கைப் பற்றிப் பேச மறுக்கிறது. ஆவணங்களைப் பதிவு செய்யும் கவுண்டி கிளர்க்கின் அலுவலகத்தில் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் சட்ட ஆலோசனை கூறத் தங்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட ஒரு பிரமாணப் பத்திரத்தைப் பதிவு செய்தாலே போதும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்கிறார். ஊரில் இருந்த ஒரே வழக்கறிஞரும் ஓய்வு பெற்றுவிட்டார். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுங்கள்.

நெடுவயல் எழுதியது:

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். நான் லப்பக்கில் நில உரிமைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வழக்கறிஞர் அல்லன். ஆயினும் இத்தகைய கோப்புகள் வாரந்தோறும் என் மேசைக்கு வருகின்றன.

முதலில் இடம். டெக்சாஸில் உயிலை எந்தக் கவுண்டியில் தாக்கல் செய்வது என்பதை இறந்தவரின் நிரந்தர வசிப்பிடமே முடிவு செய்கிறது, நிலம் இருக்கும் இடம் அன்று. டாலஸில் வாழ்ந்த ஒருவர் மேற்கே நிலம் வாங்கியிருந்தால் வழக்கு டாலஸ் கவுண்டியில்தான் நடக்கும். பிறகு அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை நிலம் உள்ள கவுண்டியின் பத்திரப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். உங்கள் அண்ணன் அங்கேயே வாழ்ந்து மறைந்ததால் அந்தச் சிறு கவுண்டியின் நீதிமன்றமே உங்களுக்கு உரியது.

அடுத்தது காலம். இறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் உயிலைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பின், சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நீதிமன்றச் சான்று கிடைக்காது. தாமதத்துக்குத் தாம் காரணமல்லர் என்று காட்டுகிறவருக்கு மட்டும், உயிலை நில உரிமைக்கான ஆதாரமாக ஏற்கும் குறுகிய வழி ஒன்று திறந்திருக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பங்கள் இந்த நான்கு ஆண்டைத் தவறவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மூன்றாவது அசல் உயில். அண்ணன் வங்கியில் லாக்கர் வைத்திருந்தாரா என்று விசாரியுங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமலே, வங்கி அலுவலர் ஒருவர் முன்னிலையில் லாக்கரைத் திறந்து ஆவணங்களைப் பார்வையிட மனைவியையும், உயிலின் நகலில் நிறைவேற்றுநராகப் பெயர் உள்ளவரையும் வங்கி அனுமதிக்கலாம் என்று, இறந்தவர்களின் சொத்து பற்றிய டெக்சாஸ் எஸ்டேட்ஸ் சட்டத்தொகுப்பின் 151-ஆம் அத்தியாயம் கூறுகிறது. உள்ளே உயில் இருந்தால் வங்கி அதை நிறைவேற்றுநரிடமோ நீதிமன்ற கிளர்க்கிடமோ ஒப்படைக்கலாம். நகைகளையும் பணத்தையும் அந்த வழியில் எடுக்க முடியாது. இறப்புச் சான்றிதழ், உயிலின் நகல், அண்ணியின் அடையாள அட்டை மூன்றையும் கொண்டு செல்லுங்கள். அசல் கிடைத்தால் தயவுசெய்து ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றி நகலெடுக்க வேண்டாம். பின் துளைகள் இரண்டு இடத்தில் தெரிந்தால், பக்கம் ஏதும் மாற்றப்பட்டதா என்ற கேள்வி தேவையில்லாமல் எழும்.

சுமைதாங்கி எழுதியது:

நெடுவயல் அவர்கள் சொல்வது சட்டப்படி சரிதான், ஆனால் பண்ணைக்காரர் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. என் மாமனார் கிழக்கு டெக்சாஸில் உயில் எழுதாமல் இறந்தபோது, குடும்பத்தை அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் வாரிசு விவரங்களைப் பிரமாணமாக எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கவுண்டி கிளர்க்கிடம் பதிவு செய்தோம். பின்னர் நிலத்தை விற்றபோது உரிமைக் காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. நீதிபதி, விசாரணை எதுவுமே தேவைப்படவில்லை.

ஓடைப்பட்டி தம்பியின் விஷயத்தில் முடிவும் ஒன்றுதான். டெக்சாஸ் தம்பதியர் பொதுச்சொத்து முறையைப் பின்பற்றும் மாநிலம். பிள்ளைகள் அனைவரும் அந்த மணவாழ்க்கையிலேயே பிறந்தவர்கள் என்றால், உயில் இல்லாவிட்டாலும் மணவாழ்க்கையில் சம்பாதித்த சொத்தில் கணவரின் பாதியும் மனைவிக்கே போகும். உயிலும் அதையே சொல்கிறது. அப்படியிருக்க, இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணை வழக்கறிஞர் கட்டணத்துக்குள் ஏன் தள்ள வேண்டும்?

நெடுவயல் எழுதியது:

சுமைதாங்கி ஐயா, நீங்கள் சொன்ன பொதுச்சொத்து விதி உண்மை. உங்கள் மாமனார் விஷயத்தில் அந்த வழி பொருத்தமானதாகவும் இருந்தது, ஏனெனில் அங்கே உயில் இல்லை. இங்கே உயில் இருக்கிறது. அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இறந்தவர் உயில் விட்டுச் சென்றாரா என்பதைச் சாட்சிகள் சத்தியத்தின் பேரில் கூற வேண்டும். உயில் இருப்பதை அறிந்தே இல்லை என்று எழுதச் சொல்வது அந்த இரண்டு நல்ல மனிதர்களையும் பொய்ச் சாட்சிகளாக்கிவிடும். மேலும், ஒருவர் இறந்த செய்தி தெரிந்ததும் அவருடைய உயிலை வைத்திருப்பவர் அதைக் கவுண்டி கிளர்க்கிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பத்திரம் சொத்தை யாருக்கும் மாற்றித் தருவதில்லை. வாரிசுகள் யார் என்பதற்கு ஓர் ஆதாரமாக மட்டுமே அது நிற்கிறது. பதிவேட்டில் ஐந்து ஆண்டுகள் இருந்த பிறகுதான் நீதிமன்றம் அதை முதல்நிலைச் சான்றாக, அதாவது தவறென்று யாரும் காட்டும்வரை ஏற்கும் சான்றாகக் கொள்ளும். அதற்கு முன் ஏற்பதும் மறுப்பதும் என்னைப் போன்றவர்களின் நிறுவனங்களுடைய விருப்பம். வங்கியைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் அதற்கு எந்த நாளிலும் இல்லை. தம்பியின் அண்ணிக்கு இன்றைய தேவை வங்கிக் கணக்குத்தானே?

உயில் இல்லாதபோது பயன்படும் சிறு சொத்துப் பிரமாணம் என்று வேறொரு வழியும் உண்டு. வசிக்கும் வீட்டையும் சட்டம் விலக்களித்த பொருள்களையும் தவிர்த்து 75,000 டாலருக்கு மேற்படாத சொத்துகளுக்கு அதை நீதிபதி ஏற்பார். அதுவும் உயில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

மருதவனம் எழுதியது:

தம்பி, உங்கள் அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். என் கணவர் மறைந்தபோது நானும் இத்தகைய ஒரு சிறு கவுண்டியில்தான் இந்த வழியைக் கடந்தேன். சட்டத்தை மற்றவர்கள் சொல்வார்கள். அந்த நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் ஹூஸ்டனிலும் டாலஸிலும் இருப்பவர்கள் கற்பனை செய்வதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

டெக்சாஸின் 254 கவுண்டிகளில் உயில் வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றங்கள் இருப்பவை பெருநகரங்களை ஒட்டிய சில மட்டுமே. மற்ற இடங்களில் மாநில அரசியலமைப்பு ஏற்படுத்திய கவுண்டி நீதிமன்றமே இதைக் கவனிக்கிறது. அதன் நீதிபதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டுமே தவிர வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே மனிதர்தான் கவுண்டியின் வரவு செலவுக்கும் சாலைகளுக்கும் பொறுப்பான ஆணையர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். புல்வெளித் தீ பரவினால் அவசரகாலப் பணிகளுக்கும் அவரே பொறுப்பு. ஆகவே விசாரணை நாள்கள் குறைவாகவே கிடைக்கும், சில வேளை கடைசி நேரத்தில் தள்ளியும் போகும். மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டிகளில் கவுண்டி கிளர்க், மாவட்ட கிளர்க் என்ற இரண்டு பதவிகளையும் ஒருவரே வகிப்பார். 2020 கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் 64 பேர்தான் வசித்தார்கள் என்பதை நினைத்தால் இது புரியும். அந்த ஒருவர் விடுப்பில் சென்றால் வேலை அவர் திரும்பும்வரை நிற்கும். அவரிடம் இந்த வழக்கில் என்ன செய்யலாம் என்று கேட்காதீர்கள், விசாரணை எந்த நாள்களில் வைக்கிறீர்கள், கட்டணம் எவ்வளவு, சான்றிட்ட நகல் எப்படிப் பெறுவது என்று கேளுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் முழுமையான பதில் கிடைத்தது.

மனு தாக்கலானதும் கிளர்க் ஓர் அறிவிப்பை நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் ஒட்டுவார். எங்கள் ஊரில் அது கண்ணாடிக் கதவுக்கு அருகே, மாடு ஏலம், தண்ணீர் மாவட்டக் கூட்டம் ஆகிய அறிவிப்புகளுக்கு நடுவே என் கணவர் பெயரோடு இருந்தது. பத்து நாள்கள் கழிந்து வரும் முதல் திங்கட்கிழமைக்குப் பிறகே விசாரணை நடக்க முடியும். விசாரணை என்ற சொல்லைக் கேட்டு அண்ணி அஞ்ச வேண்டாம். எதிர்ப்பு இல்லாத வழக்கில், அவர் எப்போது இறந்தார், எங்கே வசித்தார், நான்கு ஆண்டுகள் கடந்தனவா, இந்த உயிலை அவர் பின்னர் ரத்து செய்தாரா, உங்களுக்கு மணமுறிவு ஏற்பட்டதா, இவ்வகைக் கேள்விகள்தான் வரும். பதில்களை எழுத்தில் தயாரித்து அண்ணி கையெழுத்திட வேண்டும். பின்னர் உறுதிமொழி எடுத்துக்கொண்டதும், நிறைவேற்றுநராக அவரை ஏற்கும் லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி என்ற சான்றை முத்திரையுடன் கிளர்க் தருவார்.

அந்தச் சான்றை ஒரேயடியாகக் கட்டுக் கட்டாக வாங்காதீர்கள். அறுபது நாள்களுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கும், பழையதானால் மீண்டும் வாங்கத்தான் வேண்டும்.

சான்று கிடைத்த ஒரு மாதத்துக்குள் கடன் கொடுத்தவர்களுக்கான அறிவிப்பை அந்தக் கவுண்டியில் வரும் செய்தித்தாளில் வெளியிட வேண்டும். சிற்றூர்ச் செய்தித்தாள் வாரம் ஒரு முறைதான் வரும், விளம்பரத்தை அதற்குச் சில நாள்கள் முன்னதாகவே கேட்பார்கள். ஒரு வாரம் தவறினால் மாதத்தில் கால் பங்கு போய்விடுகிறது. வெளியான பக்கத்தையும் பதிப்பாளரின் பிரமாணத்தையும் கேட்டு வாங்கி நீதிமன்றத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஓடைப்பட்டி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. மருதவனம் அக்கா எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். நீதிமன்றம் என்றாலே இருந்த கலக்கம் அவருக்குப் பெரிதும் குறைந்திருக்கிறது.

அசல் உயில் லாக்கரில் இருந்தது. சட்டப் பிரிவை அச்சிட்டுக் கொண்டு சென்றதால் வங்கி மேலாளர் தம் தலைமை அலுவலகத்தில் கேட்டறிந்து அனுமதித்தார். உயிலோடு சாட்சிகளின் நோட்டரி பிரமாணமும் இணைந்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டணமும் இரண்டு கிரெடிட் கார்டு பாக்கிகளும் இருக்கின்றன. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. லாக்கரில் இன்னொரு பத்திரமும் கிடைத்தது. ராயல்டியில் ஒரு பகுதி நியூ மெக்சிகோவின் லீ கவுண்டியில் உள்ள கனிம உரிமையிலிருந்து வருகிறது என்பது அந்தப் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உயிலை நில உரிமை ஆதாரமாக மட்டும் ஏற்கச் செய்யும் எளிய வழி போதுமா, முழு நிர்வாகம் தேவையா? உயிலில் மகள் பெயர் இல்லாதது பின்னாளில் சிக்கலாகுமா?

தென்கரை எழுதியது:

நான் டெக்சாஸில் வழக்கறிஞராக இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம் மட்டுமே, உங்கள் குடும்பத்துக்கு உரிய ஆலோசனையை நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞரே தர வேண்டும்.

மகளைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடலாம். உயில் எழுதிய பிறகு பிறந்த குழந்தைக்கு டெக்சாஸ் சட்டம் சில சூழல்களில் பங்கு தருகிறது. ஆனால் அந்தக் குழந்தையின் மற்றொரு பெற்றோருக்கு எழுதிவைத்த சொத்தை அந்தப் பங்குக்குக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் அண்ணன் அனைத்தையும் குழந்தையின் தாய்க்கே எழுதியிருப்பதால் உயில் அப்படியே நிற்கும். மிச்சிகனில் எழுதியது என்பதும் தடையன்று. அந்த மாநிலச் சட்டப்படி சாட்சிகள் செய்த பிரமாணத்தை டெக்சாஸ் நீதிமன்றம் ஏற்கும் என்பதால், இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தச் சாட்சிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உயிலை நில உரிமை ஆதாரமாக மட்டும் ஏற்கும், நீங்கள் கேட்ட எளிய வழிக்கு மியூனிமென்ட் ஆஃப் டைட்டில் என்று பெயர். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அசையாச் சொத்தின் மீது பிணையுள்ள கடனைத் தவிர வேறு கடன் பாக்கி இருக்கக் கூடாது. உங்களிடம் மருத்துவமனைக் கட்டணமும் கார்டு பாக்கியும் இருக்கின்றன. அவற்றை அடைக்கும் பணம் முடங்கிய கணக்கில் இருக்கிறது. அண்ணி தம் சொந்தப் பணத்தில் அடைத்துவிட்டு எளிய வழியில் செல்லலாம்தான், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கனிம உரிமை வேறு மாநிலத்தில் இருப்பதும் மகளுக்கு வயது குறைவு என்பதும், முழு அதிகாரம் உள்ள நிறைவேற்றுநர் ஒருவர் இருப்பதே நல்லது என்று காட்டுகின்றன.

டெக்சாஸ் முறையில் முழு நிர்வாகம் என்பது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமானது அன்று. சுதந்திர நிர்வாகம் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொரு விற்பனைக்கும் ஒவ்வொரு கடனுக்கும் நீதிபதியின் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மிச்சிகன் உயிலில் அந்த வாசகம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆயினும் பயனாளி ஒருவரே என்பதால், அவரது சம்மதத்தின் பேரில் நீதிமன்றம் அதை அனுமதிக்கலாம், நிறைவேற்றுநர் தர வேண்டிய பிணைத்தொகையையும் தள்ளுபடி செய்யலாம். பொறுப்பேற்ற தொண்ணூறு நாள்களுக்குள் சொத்துப் பட்டியலையோ, சுதந்திர நிர்வாகத்தில் கடன்காரர்களுக்குத் தர வேண்டியது தீர்ந்திருந்தால் அதற்கு மாற்றான பிரமாணத்தையோ தாக்கல் செய்ய வேண்டும். கார்டு நிறுவனங்களுக்குச் சட்டம் குறிப்பிடும் வாசகத்தோடு பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினால், அது கிடைத்த 121-ஆம் நாளுக்கு முன் கோரிக்கையை முன்வைக்காதவர்களின் உரிமை போய்விடும். இதை அனுப்புவது விருப்பத்துக்குரியது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

நியூ மெக்சிகோ வேறு உலகம். டெக்சாஸ் உத்தரவு அங்குள்ள கனிம உரிமையைத் தானாக மாற்றாது. டெக்சாஸில் நியமனம் முடிந்ததும், அதன் சான்றிட்ட நகல்களை லீ கவுண்டியில் உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்து அங்கே செயல்படும் அதிகாரத்தைப் பெறலாம். அங்குள்ள கவுண்டி உயில் நீதிமன்றங்கள் எதிர்ப்பில்லாத வழக்குகளை மட்டுமே கவனிப்பவை. எண்ணெய் நிறுவனம் அதுவரை ராயல்டியை நிறுத்தி வைத்திருக்கும், தொகை அழிந்துவிடாது. அண்ணியின் முகவரியை மட்டும் இன்றே அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சுமைதாங்கி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. உயில் இருக்கும்போது என் வழி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கட்டணத்தைப் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. இவ்வளவு எளிய வழக்கு என்றால் அண்ணியே மனு எழுதித் தாக்கல் செய்யக் கூடாதா?

தென்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. நிறைவேற்றுநர் தமக்காக மட்டும் வாதிடுவதில்லை, கடன் கொடுத்தவர் உள்ளிட்ட பிறரின் சார்பாகவும் நிற்கிறார் என்பதால் வழக்கறிஞர் இல்லாமல் தோன்றக் கூடாது என்று டெக்சாஸ் நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுகின்றன. ஒரே பயனாளி எளிய வழியில் செல்லும்போது சில நீதிபதிகள் விலக்கு அளிப்பதுண்டு. செலவைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. மிட்லண்ட், ஒடெசா, சான் ஆஞ்சலோ போன்ற நகரங்களிலிருந்து சுற்றுவட்டாரக் கவுண்டிகளுக்குத் தவறாமல் செல்லும் வழக்கறிஞர்கள் உண்டு. அவர்களில் அந்த நீதிபதியின் முன் பலமுறை தோன்றியவரைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கணக்கில் இல்லாமல் மொத்தத் தொகை பேசுங்கள். பயண நேரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். காணொளி வழியாக விசாரணையை அந்த நீதிபதி அனுமதித்தால் பயணச் செலவே இராது. மனு மின்வழியில் போனாலும் அசல் உயில் மூன்று வேலை நாள்களுக்குள் கிளர்க்கின் கைக்குச் சேர வேண்டும், அதை அண்ணியே நேரில் கொடுத்து ரசீது பெறலாம்.

மருதவனம் எழுதியது:

நிலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலமாகப் பயன்படுவதால் அந்த 160 ஏக்கருக்கு விவசாய மதிப்பீட்டில் குறைந்த சொத்துவரி கட்டிவருவீர்கள் என்று நினைக்கிறேன். உரிமையாளர் மாறினால் பொதுவாக ஏப்ரல் முடிவதற்குள் புதிய விண்ணப்பம் தர வேண்டும். மனைவி பெயருக்கு மாறுவதையும் அப்படிக் கொள்கிறார்களா என்று கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சலுகை போனால் ஒரே ஆண்டில் வரி பல மடங்கு உயரக்கூடும். அதன் காரணமாக நிலத்தை அவசரமாக விற்ற குடும்பத்தை நான் அறிவேன், அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஓடைப்பட்டி எழுதியது:

சான் ஆஞ்சலோவில் ஒரு வழக்கறிஞரை அமர்த்திவிட்டோம். மனு தாக்கலாகிவிட்டது, அறிவிப்பும் ஒட்டியாயிற்று. மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அண்ணியே சென்று வந்தார். ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அந்த நிலத்தில் மாடு மேய்க்கும் பண்ணைக்காரர் குத்தகைப் பணத்தை இன்னும் அண்ணன் பெயரிலேயே காசோலையாக அனுப்புகிறார். அண்ணி அவற்றை மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்திருக்கிறார். என்ன செய்வது?

நெடுவயல் எழுதியது:

அவற்றை அண்ணியின் சொந்தக் கணக்கில் போட முயல வேண்டாம். லெட்டர்ஸ் கிடைத்ததும் வருமான வரித்துறையிடம் இறந்தவரின் சொத்துக்கென்று தனி வரி எண் பெற்று, அந்தப் பெயரில் வங்கியில் ஒரு கணக்கைத் திறந்து அதில் செலுத்துங்கள். கடன்களையும் அந்தக் கணக்கிலிருந்தே அடையுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காசோலையை ஏற்க வங்கிக்குக் கடமை இல்லை. ஆகவே பழையவற்றைப் பண்ணைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, எஸ்டேட் எனப்படும் அண்ணனின் அந்தச் சொத்துக் கணக்கின் பெயருக்குப் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். குத்தகை வாய்மொழியாக மட்டுமே இருந்தால், அண்ணி பொறுப்பேற்ற பிறகு வேலி பராமரிப்பு யாருடையது என்பதையும் சேர்த்து ஓர் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு அலுவலகம் நிலப் பயன்பாட்டுக்கு ஆதாரம் கேட்டால் அதையே காட்டலாம்.